இன்னைக்கு மாத்திரையை விட்டுட்டா குடிக்கலாமா?

கல்யாண வீடு, சிங்கப்பூரிலிருந்து பங்காளிகள் வந்திருக்கிறார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், "இன்னைக்கு ஒரு நாள் மாத்திரையை விட்டுட்டா ரெண்டு ரவுண்டு போட்டுக்கலாம்" என்று கணக்குப் போடுவார். அந்தக் கணக்கு தப்பு. எஸ்சிட்டாலோபிராம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். ஃப்ளூஆக்சடினுக்கு நாட்கணக்கு. வென்லாஃபாக்சின் சீக்கிரம் இறங்கிவிடும். அதை விட்டாலோ தலைசுற்றலும் குமட்டலும்தான் மிச்சம்.

மதுவும் லேசில் போகாது. 180 மி.லி. குவார்ட்டரில், 42.8 சதவீதம் என்றால், சுமார் 60 கிராம் ஆல்கஹால். ஈரல் மணிக்கு 7 கிராம் அளவில்தான் எரிக்கும். இரவு 10 மணிக்குக் குடித்தது விடிந்து ஆறரை வரை உடம்பில் நிற்கும்.

மிகுந்த கவனம் வேண்டியது அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரையில். ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் 10 மி.கி. அளவில் தருவதால், பலர் அதை வெறும் 'நரம்பு மாத்திரை' என்றே நினைத்திருக்கிறார்கள். அதுவும் தூக்கத்தைக் கூட்டும், மதுவும் கூட்டும். போதாததற்கு, மது உள்ளே இருக்கும்போது ஈரல் இந்த மருந்தைச் சரியாகச் சிதைக்காது. ரத்தத்தில் அதன் அளவு ஏறும். படுத்திருந்தவர் எழுந்தால் கால் ரத்தக்குழாய்கள் இறுகி ரத்தத்தை மேலே தள்ள வேண்டும். மருந்தும் மதுவும் சேர்ந்து அவற்றைத் தளர்த்திவிடுவதால் கண் இருட்டுகிறது. செட்டிநாட்டு வீட்டில் நடுச்சாமத்தில் வளவைத் (முற்றத்தைச் சுற்றிய உள்கூடத்தை) தாண்டிப் பின்கட்டுக்குப் போகிறவருக்கு, காலடியில் வழவழவென்று ஆத்தங்குடிக் கல், பக்கத்திலேயே முற்றத்துக்கு இறங்கும் படி. வயதானவருக்கு இடுப்பெலும்பு முறிய அது போதும். எழுந்ததும் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். விளக்கைப் போட்டுவிட்டு நடங்கள்.

செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் வகையில் மயக்கம் குறைவுதான். ஆனால் இவை ரத்தம் உறைவதைச் சற்றுத் தளர்த்தும். மது இரைப்பையைப் புண்ணாக்கும். மறுநாள் தலைவலிக்கு ஐபுபுரோஃபன் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் தார் போலக் கருத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புப்ரோப்பியான் சாப்பிடுகிறவர் குடித்தால் வலிப்பு அபாயம்.

தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, அதிலும் வலிப்பு வரலாம். வாரத்துக்கு எத்தனை குவார்ட்டர் என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் அவர் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். மனசு தாங்காத ராத்திரியில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள்.