வார்டர் வேலையும் போதைப் பழக்கமும்: பிடிபடும் முன் கொடுக்க வேண்டிய கடிதம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் ஒரு சிறையில் 19 ஆண்டுகள் வார்டராக இருந்தவரின் மனைவி, கோயில் பின்கட்டில் என்னிடம் ஒரு பழுப்பு உறையை நீட்டினார். உள்ளே கணவரின் பணிநீக்கக் கடிதம் இருந்தது. தேதியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். அன்று 41ஆம் நாள்.

சட்டம் சொல்வது கொஞ்சம்தான். 1995ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தைச் சார்ந்த பணிநீக்க நெறிமுறை, குடிக்கும் போதைக்கும் அடிமையாவதை இயலாமை என்று எண்ணி, ஆலோசனையும் மறுவாழ்வுச் சிகிச்சையும் தரலாமா என்று முதலில் யோசிக்கும்படி வேலை கொடுப்பவரிடம் கூறுகிறது. ‘தரலாமா’ என்றுதான் இருக்கிறது, ‘தந்தே ஆக வேண்டும்’ என்று இல்லை.

வழுக்குவது இங்கேதான். அடிமைப்பட்டிருப்பது இயலாமை, போதையோடு பணிக்கு வருவது ஒழுங்கீனம். சுகர்ஸ் என்ற ஹெராயின் கலவையைப் புகைத்த அதே மனிதரின் பெயர் எந்தக் கோப்பில் ஏறுகிறது என்பதைப் பொறுத்தே வேலை நிலைக்கும். பிடிபடும் முன் உதவி கேட்டவருக்கு வழி உண்டு. விசாரணை மேசையில் முதன்முறையாக “நான் அடிமை” என்பவரை எளிதில் நம்பமாட்டார்கள். கைதிகளுக்குப் போதைப்பொருள் கடத்தியவருக்கு இந்தக் கதவே கிடையாது.

உதவி வேண்டும் என்பதை ஊழியர் நல அதிகாரியிடம் வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அவர் மாற்றலாகிப் போனால் நீங்கள் சொன்னதும் அவரோடு போய்விடும். அதையே கடிதமாக இரண்டு படிகள் எழுதி, ஒன்றில் தேதி முத்திரை வாங்குங்கள். மறுத்தால் அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

வீட்டில் தனியாகக் கஞ்சா புகைப்பது குற்றமல்ல என்று 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னதை வைத்து, பணியிடத்திலும் கேள்வி வராது என்று நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தாலும் சிறுநீர்ச் சோதனை ஓபியம் வகையைக் காட்டக்கூடும் என்பதால், மாதிரி கொடுக்கும் முன்பே மருந்தின் பெயரைப் படிவத்தில் எழுதி, ஆய்வக உறுதிச் சோதனையை எழுத்தில் கேளுங்கள்.

மருத்துவக் காப்புத் திட்டத்தில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 3 வாரம் வரை மருத்துவமனைச் சிகிச்சை கட்டாயக் குறைந்தபட்சப் பயன். “உங்கள் பிளானில் இல்லை” என்று தொலைபேசியில் சொன்னால் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். பலமுறை பதில் மாறிவிடும். அவர்கள் ஒப்பந்தம் செய்த மருத்துவமனை எது என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு, 3 ஆண்டுச் சுற்றுக்கு 36 வேலைநாள்தான்.

“ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, பென்ஷன் பணமாவது கைக்கு வரும்” என்று அக்கறையோடு சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். தானாக விலகியவரை யாரும் நீக்கவில்லை என்றாகி, வழக்கின் வாசல் ஏறக்குறைய அடைபட்டுவிடும்.

நீக்கப்பட்டால், அன்றிலிருந்து, அல்லது மேல்முறையீட்டின் இறுதி முடிவிலிருந்து, சனி ஞாயிறு சேர்த்து 30 நாளுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். சிறை ஊழியர் போகவேண்டியது ஜி.பி.எஸ்.எஸ்.பி.சி. என்ற பேரப்பேச்சு மன்றத்துக்கு, சி.சி.எம்.ஏ. என்ற பொதுவான தொழில் தகராறு ஆணையத்தின் வரிசையில் நின்றே நாளைத் தொலைத்தவர்கள் உண்டு. கெடு தாண்டினால் தாமத மன்னிப்பு மனுவும் வேண்டும்.

அந்த அம்மாவுக்கு நாங்கள் அதைத்தான் எழுதினோம். ‘தாமதத்துக்குக் காரணம்’ என்ற இடத்தில், நல அலுவலக வாசலில் அவர் காத்திருந்து திரும்பிய 6 நாள்களின் தேதிகளை வரிசையாகக் குறித்தோம்.