பலகையில் 18 என்று எழுதியிருந்தாலும் அளந்து பார்த்துப் பொளி வெட்டுங்கள்

ஹாட்வெயார் கடையில் "முக்கால் இஞ்சி பிளைவூட்" கேட்டால் எடுத்துத் தருவது 18 மி.மீ. பலகை. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ. ஆக, பெயரிலேயே ஒரு மில்லிமீற்றர் குறைகிறது. அந்தப் பலகையைப் பட்டறைக்குக் கொண்டுவந்து வேர்னியர் வைத்தால் ஒரு மூலையில் 17.6 காட்டும், எதிர் மூலையில் 17.3 காட்டும். அரை இஞ்சி என்று வாங்குகிற 12 மி.மீ. பலகை 11.5இல் நிற்பதும் உண்டு.

இதைக் கடைக்காரரின் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். உலகத்திலேயே நல்ல பலகை என்று பெயரெடுத்த பின்லாந்து பேர்ச் பிளைவூட்டைத் தயாரிப்பவர்களே, 18 மி.மீ. பலகை 17.1 முதல் 18.1 வரை இருக்கலாம் என்று தங்கள் அளவு அட்டவணையில் எழுதித்தான் விற்கிறார்கள். மரத் தகடுகளைப் பசையிட்டு அழுத்தும்போது கொஞ்சம் நசியும், பிறகு இருபக்கமும் தேய்க்கும்போது கொஞ்சம் போகும், ஈரம் குடித்தால் கனம் (தடிப்பு) கூடும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் சுவரோடு நிமிர்த்தி வைத்த பலகையின் அடி ஓரம் ஊதியிருப்பதை யாழ்ப்பாணத்தில் எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம். அதே பலகையின் நடுப்பகுதி மெல்லியதாகவே இருக்கும்.

இவ்வளவும் சொல்லக் காரணம், கழுந்து (இரண்டு துண்டுக்குள்ளும் இறங்கி அவற்றைப் பூட்டுகிற தனி மரத்துண்டு) இறங்குகிற பொளியை, அதாவது பலகை விளிம்பில் எடுக்கிற பள்ளத்தை, வெட்ட வரும் இளம் தச்சர்கள் பலர் முதலில் செய்வது 18ஐ இரண்டால் பிரித்து 9இல் கோடு போடுவதுதான். ஒரு பலகையில் ஒரு முகத்திலிருந்து 9, அடுத்த பலகையில் எந்த முகம் கைக்கு வந்ததோ அதிலிருந்து 9. பலகை உண்மையிலே 17.4 என்றால் ஒரு பக்கம் 9, மறுபக்கம் 8.4. எதிர் எதிர் முகங்களிலிருந்து அளந்த இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் மூட்டில் 0.6 மி.மீ. படி விழும். கேட்பதற்குச் சின்ன எண். விரல் நகத்தால் தடவினால் 0.2 கூடத் தட்டுப்படும்.

முந்தி இது இவ்வளவு பெரிய தொல்லையாக இருக்கவில்லை. நாற்சார் வீட்டுத் தீராந்தியும் நிலையும் வேம்பு, பலா, தேக்குக் கதவுகளும் முழு மரம். மூட்டைப் பூட்டிய பிறகு சீவுளி பிடித்து இரண்டு இழுவை இழுத்தால் படி போய்விடும். பிளைவூட்டின் மேல்தோல் பல பலகைகளில் அரை மில்லிமீற்றர்கூட இருக்காது. 0.6 படியைத் தேய்த்து எடுக்கப் போனால் மேல்தோல் முழுதும் போய், குறுக்கு நாரோடு அடுத்த தகடு வெளியே தெரியும். வார்னிஷ் அடித்தால் அந்த இடம் தேமல்போலத் தெரியும். அதனால் பிளைவூட்டில் மூட்டு பூட்டும்போதே சரியாக வந்தாக வேண்டும், பிறகு திருத்த இடமில்லை.

நான் முதலில் கேட்கச் சொல்லுகிற கேள்வி: இந்த மூட்டுக்கு உண்மையிலே நடு வேண்டுமா? பெரும்பாலான வேலைக்கு வேண்டாம். அலுமாரி, புத்தக இறாக்கை, பன்ரி கபேட் எல்லாவற்றிலும் ஆக்கள் பார்ப்பது ஒரு முகத்தை. அந்த முகம் இரண்டு துண்டிலும் ஒரே மட்டத்தில் வந்தால் போதும். பலகை வெட்டியவுடன் வெளியே தெரியப்போகும் முகத்தில் பென்சிலால் ஒரு சுழி போடுங்கள். அதன் பிறகு கேஜ் (முகத்தில் சாய்த்து ஒரே தூரத்தில் கோடு கீறும் கருவி), ரூட்டரின் (பிட் என்கிற வெட்டுமுனை சுழன்று பள்ளம் எடுக்கும் மின்கருவி) வேலி என்கிற சாய்ப்புச் சட்டம், டவல் (மூட்டுக்குள் இறக்கும் உருளை மரமுளை) துளைக்கிற ஜிக் எதுவென்றாலும் சுழி போட்ட முகத்தில்தான் சாய வேண்டும். ஒரு பலகை 17.9, மற்றது 17.3 என்றாலும் முகப்பக்கம் ஒன்றாக வரும். வித்தியாசம் 0.6 முழுதும் பின்பக்கம் போகும். அங்கே யாரும் தடவிப் பார்ப்பதில்லை. இந்த முறையில் பொளி 9இல் விழுந்ததா 8.8இல் விழுந்ததா என்பதே பொருட்டில்லை. இரண்டு துண்டிலும் ஒரே தூரம் என்பதுதான் கணக்கு.

இறாக்கைத் தட்டு பக்கப் பலகையோடு சேரும் இடத்திலும் இதே விதிதான். தட்டின் நடுக்கோட்டைப் பக்கப் பலகையில் போடாமல், தட்டின் அடிமுகம் வந்து நிற்கும் கோட்டைப் போடுங்கள். இரண்டு பொளியையும் அந்த அடிமுகத்திலிருந்தே அளந்தால் தட்டு எவ்வளவு கனமென்றாலும் அடிப்பக்கம் எல்லாத் தட்டுக்கும் சரியான உயரத்தில் இருக்கும்.

சரி, நடு எங்கே தேவை? இரண்டு முகமும் தெரிகிற வேலையில். கூடத்தை மறைக்கிற தடுப்பு, மேசையின் நடுக்கால், கடைகளில் வைக்கிற காட்சி இறாக்கை. இங்கே ஒவ்வொரு துண்டிலும் அதனதன் நடுவில் பொளி இருந்தால் 0.6 வித்தியாசம் பக்கத்துக்கு 0.3 என்று பங்கிடப்படும். அடுத்தது, மெல்லிய பலகை. 12 மி.மீ. பலகையில் 5 மி.மீ. பொளி வெட்டினால் இரண்டு பக்கச் சுவரும் 3.5. ஒரு மில்லிமீற்றர் விலகினால் ஒரு சுவர் 2.5க்கு இறங்கிவிடும், அதில் இரண்டு தகடுதான் மிஞ்சும். மூன்றாவது, ஒரே அளவில் நிறையத் துண்டு வெட்டி, எந்தப் பக்கமும் திருப்பிப் பூட்டக்கூடிய வேலை.

நடுவைக் கண்ணால் பிடிக்கச் சிலர் பலகை விளிம்பில் நடுத்தகட்டைப் பார்த்து அதன்மேல் கோடு போடுகிறார்கள். தகடுகளின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படை, ஆகவே நடுத்தகடு என்று ஒன்று இருக்கும் என்பது சரி. ஆனால் ஆலையில் தேய்க்கும்போது ஒரு முகத்தில் கூடவும் மறு முகத்தில் குறையவும் போயிருந்தால் அந்தத் தகடு பலகையின் நடுவில் இராது. அதை நம்பாதீர்கள்.

கேஜ் வைத்திருப்பவர்களுக்குச் சுலபமான வழி உண்டு. ஏறக்குறைய பாதி அளவுக்கு கேஜைப் பூட்டி, ஒரு முகத்திலிருந்து சின்னக் கீறல், மறு முகத்திலிருந்து இன்னொரு கீறல். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அதுதான் நடு. விழாவிட்டால் இடையில் ஒரு மெல்லிய இடைவெளி தெரியும். அந்த இடைவெளி உங்கள் பிழையின் இரண்டு மடங்கு, ஆகவே அதில் பாதியளவு கேஜை நகர்த்தி மறுபடி கீறுங்கள். அளவுகோலில் 0.1 மில்லிமீற்றர் வாசிக்க முடியாது. ஆனால் இரண்டு கீறலுக்கு நடுவே 0.2 வெளிச்சமாகத் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கேஜை மேசையை விட்டு எடுப்பதில்லை.

ரூட்டர் வைத்திருக்கிறவர்கள் வேறொரு வழி செய்கிறார்கள். ஒரு முகத்தில் வேலியைச் சாய்த்து ஒரு வெட்டு, வேலியை மாற்றாமல் மறு முகத்தில் சாய்த்து இன்னொரு வெட்டு. பொளி கட்டாயம் நடுவில் வரும், உண்மைதான். ஆனால் அகலம் மாறும். 6 மி.மீ. பொளிக்கு 5 மி.மீ. பிட் போட்டு, பிட்டின் நடு முகத்திலிருந்து 8.5இல் வருமாறு வேலியைப் பூட்டினீர்கள் என்று வையுங்கள். பலகை சரியாக 18 என்றால் பொளி 6. பலகை 17.4 என்றால் 5.4 தான் வரும், 6 மி.மீ. கழுந்து இறங்காது. சுத்தியலால் அடித்து இறக்கினால் பலகை பிளக்கும். ஒவ்வொரு பொளிக்கும் தனித்தனியாகக் கழுந்து சீவ நேரமுள்ளவர்களுக்கு மட்டும் இது சரிவரும்.

பலகை கனம் எப்படி மாறினாலும் நடுவையே பிடிக்கிற கருவி ஒன்றைப் பட்டறையிலேயே செய்யலாம். சின்ன ட்ரிம் ரூட்டருக்கு ஒரு அடித்தட்டு, 6 மி.மீ. அக்ரிலிக் நல்லது. பிட் வருகிற துளையின் நடுவூடாக நேர்க்கோடு ஒன்று கீறி, அந்த நடுவிலிருந்து இருபக்கமும் ஒரே தூரத்தில், 25 மி.மீ. என்று வைப்போம், கவராயத்தால் குறித்து இரண்டு துளை. அதில் ஒரே விட்டமுள்ள இரண்டு உருக்கு முளை, கீழே 10 மி.மீ. நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ரூட்டரைப் பலகை விளிம்பில் வைத்து, ஒரு முளை இந்த முகத்திலும் மற்ற முளை அந்த முகத்திலும் முட்டும்வரை உடம்போடு முறுக்குங்கள். இரண்டும் முட்டியபின் பிட் நிற்கிற இடம் நடு. 17.3 என்றால் கொஞ்சம் கூட முறுகும், 18.2 என்றால் கொஞ்சம் குறைய முறுகும், நடு மாறாது. வெட்டுகிற நேரம் முழுதும் அந்த முறுக்கைக் கை விடக்கூடாது. விட்டால் ஒரு முளை விலகி பொளியின் சுவர் அலையலையாக வரும். 18 மி.மீ. விளிம்பில் பெரிய ரூட்டர் ஆடும், அதனால்தான் ட்ரிம் ரூட்டர். ஒரேயடியாக ஆழம் இறக்காமல் 3 மி.மீ. வீதம் இறக்குங்கள்.

செய்த தட்டைச் சோதிக்காமல் நல்ல பலகையில் வைக்கக் கூடாது. கழிவுத் துண்டில் ஒரு வெட்டு வெட்டி, ரூட்டரை அரைவட்டம் திருப்பி அதே இடத்தில் இன்னொரு வெட்டு. பொளி அகலாவிட்டால் முளைகள் சரி. அகன்றால் ஒரு முளை பிட்டுக்குக் கிட்ட இருக்கிறது, தட்டை மறுபடி துளையுங்கள்.

டவல் போடுபவர்களுக்கு ஒரு சொல். பிளைவூட் விளிம்பில் சாதாரண டிரில் பிட் வைத்த இடத்தில் நிற்காது. கெட்டியான தகட்டை விட்டு மென்மையான தகட்டுக்குச் சறுக்கும். நடுவில் முள்ளுள்ள மரப் பிட் வாங்குங்கள், துளைக்கு முன் குத்தூசியால் ஒரு குழி போடுங்கள்.

இனி, நடு சரியாக வந்த பிறகும் பலகை பிளக்கிற இடம் பசை. இறுக்கமான கழுந்தைப் பசை நிறைந்த பொளிக்குள் இறக்கினால் அடியில் அகப்பட்ட பசைக்குப் போக வழியில்லை. அழுத்தம் சுவரைத் தள்ளும், தகடுகள் ஒன்றையொன்று விட்டு விலகும். முழு மரம் கொஞ்சம் தாங்கும். விலை குறைந்த பிளைவூட்டில் உள்தகடுகளுக்கு இடையே பொந்து இருந்தால் தாங்காது. பொளியைக் கழுந்தை விட 2 மி.மீ. ஆழமாக எடுங்கள், கழுந்தில் பசை ஏறிவர ஒரு காடி கீறுங்கள், பொளி வெட்டுமுன் விளிம்பில் பொந்து இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

பிள்ளைகளின் அடுக்குக் கட்டிலுக்கு 12 மி.மீ. பலகை கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். "அண்ணை, பிளை எண்டால் பலம்தானே, நடுவிலை கழுந்து போட்டாச் சரிவரும்" என்று சொல்லுவார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. சுவர் 3.5க்கு மேல் போகாத பொளியில் ஒரு பிள்ளையின் உடம்பு தொங்கக் கூடாது. 18க்கு மாறுங்கள், அல்லது மூட்டு வருகிற இடத்தில் முழு மரச் சட்டம் போடுங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

பொருளை வாங்குகிற குடும்பத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. போர்மைக்கா ஒட்டுவதற்கு முன்னர் ஒருதரம் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். மூட்டுகளுக்கு மேலே முகத்தை உள்ளங்கையால் தடவுங்கள். எங்கேயாவது சின்ன வீக்கம் தட்டுப்பட்டால் அங்கே உள்ளே தகடு பிளந்திருக்கலாம். தச்சரைக் கூப்பிட்டுக் காட்டி அந்தத் துண்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். போர்மைக்கா ஒட்டிய பிறகு அந்த வீக்கத்தை அவரும் காணமாட்டார், நீங்களும் காணமாட்டீர்கள்.