தீவுச் செடி பெம்பிஸை மதுரை வீட்டில் வளர்க்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

பெம்பிஸ் அசிடுலா, மருதாணியும் மாதுளையும் சேர்ந்த குடும்பத்தில் பிறந்த கடலோரக் குறுஞ்செடி. இலை சின்னதாக, சதைப்பற்றோடு இருக்கும். விரலால் தடவினால் பட்டுப்போல மெல்லிய ரோமம் தட்டுப்படும். பூ வெள்ளை, ஆறு இதழ், கசக்கி விரித்த துணிபோலச் சுருக்கம் விழுந்திருக்கும். தமிழ்நாட்டில் இது இயற்கையாக வளர்வது மன்னார் வளைகுடாத் தீவுகளில். அடிமரம் முறுக்கேறி, வயதைக் காட்டும் செடி என்பதால் போன்சாய் வளர்ப்பவர்களுக்கு இதன்மேல் தீராத ஆசை. அந்த ஆசையில்தான் பலர் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் இதை வளர்ப்பது குற்றமில்லை. செடி எங்கிருந்து வந்தது என்றுதான் சட்டம் கேட்கும். நர்சரியில் விதையிலோ பதியனிலோ உண்டான கன்று என்றால் பிரச்சினை இல்லை. தீவிலிருந்து பிடுங்கி வந்தது என்றால், அது உங்கள் மொட்டை மாடியில் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் குற்றத்தின் தடயம்தான்.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 35(6)-ஆம் பிரிவு தேசியப் பூங்காவிலிருந்து எந்த வன உயிரையும் அழிக்கவோ எடுக்கவோ கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தில் 'வன உயிர்' என்ற சொல்லுக்குள் செடிகொடிகளும் அடக்கம். தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம் என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் அங்குள்ள வன உயிர்களின் மேம்பாட்டுக்கும் சிறந்த மேலாண்மைக்கும் அது தேவை என்று, தேசிய வன உயிரின வாரியத்தைக் கலந்து, மாநில அரசு திருப்தி அடைந்த பிறகே அந்த அனுமதி. வீட்டுத் தோட்டம் அதில் வராது. எனவே 'பர்மிட் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலிருக்கும் விதிப்படி, பொதுவான மீறலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொண்டுவந்த படகு, வண்டியையும் பறிமுதல் செய்ய அதிகாரம் உண்டு. வனத்துறைப் படகில் இந்தத் தீவுகளில் ஒன்றான குருசடைக்குச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே சட்டம்தான். ஒரு காயைக்கூடப் பையில் போட்டு வரக்கூடாது. அழகர்மலை போன்ற காப்புக்காடுகளில் செடி தோண்டுவதும் குற்றம். அங்கே தமிழ்நாடு வனச் சட்டம், 1882 பாயும்.

பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி இருக்கிறது. இந்தச் செடி சுண்ணாம்புச் சத்துள்ள பவளமண்ணில் வளர்வதால், தொட்டியில் போடப் பவளக்கல் தேடுகிறவர்கள் உண்டு. கரையில் செத்து ஒதுங்கிய துண்டுதானே என்று நினைப்பார்கள். பவளப்பாறையைக் கட்டும் பவளங்கள், மிகக் கடுமையான பாதுகாப்புப் பெற்ற உயிர்களைப் பட்டியலிடும் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை; செத்த துண்டும் அதில் சேரும். அதற்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. செடிக்காகப் போய் பவளத்தில் மாட்டினால் தண்டனை இன்னும் கனமாகிவிடும். கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் நொறுக்கு அதே வேலையைச் செய்யும்.

இலங்கையிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ கன்று கொண்டுவரவும் குறுக்குவழி கிடையாது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுக்காப்பு ஆணைப்படி இங்கிருந்து இறக்குமதி அனுமதி, அங்கிருந்து தாவர நலச் சான்றிதழ் இரண்டும் வேண்டும். வேரோடு மண் ஒட்டியிருந்தால் அனுமதியே இல்லை. பெட்டியில் சுருட்டி வைத்து வந்தால் விமான நிலையத்திலேயே பிடித்து அழித்துவிடுவார்கள்.

ஆக, நர்சரி கன்றுதான் வழி. வாங்கும்போது பில் கேளுங்கள். உயிர்ச்செடிக்கு ஜிஎஸ்டி இல்லை. அதைக் காரணம் காட்டிச் சிலர் பில் போடமாட்டார்கள். வரி இல்லாவிட்டாலும் பில் போடலாம். அதில் செடியின் முழுத் தாவரப் பெயர், தேதி, 'நர்சரியில் விதை அல்லது பதியன் மூலம் உண்டாக்கியது' என்ற வரி, கடையின் முத்திரை இருக்கட்டும். நட்ட நாளில் தொட்டியோடு ஒரு படம் எடுத்து அந்தப் பில்லோடு வையுங்கள். நண்பருக்குப் பதியன் கொடுத்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

பில்லைவிட வேர் உண்மையைச் சொல்லும். நர்சரி கன்றின் தண்டு ஒல்லியாக, வேர் தொட்டியின் வடிவத்தில் சுற்றியிருக்கும். தீவில் தோண்டியது என்றால் அடிமரம் கைத்தடி பருமனில், பெரிய வேர்களில் ரம்பம் போட்ட தட்டையான வெட்டு, வேரிடுக்கில் வெள்ளைப் பவளத்துண்டுகள் தெரியும். பெரிய மரம், குறைந்த விலை, பில் இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அப்படித் தோண்டிய செடி பிழைப்பதும் அரிது.

வளர்ப்பதில் மதுரைக்கு ஒரு வசதி: உச்சி வெயில் இதற்குப் பிடிக்கும், போர்வெல்லின் உப்புத் தண்ணீரையும் தாங்கும். தாங்காதது, வடியாத மண். கரிசலிலோ களிமண்ணிலோ வைத்தால் ஐப்பசி மழையில் வேர் அழுகிவிடும். 12 அங்குலத் தொட்டிக்கு மூன்று பங்கு பருமனான எம்-சாண்ட், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய மண்புழு உரம், இரண்டு கைப்பிடி கிளிஞ்சல் நொறுக்கு. எம்-சாண்டை நாலைந்து தடவை அலசி மாவுத்தூளைப் போக்கியே கலக்க வேண்டும். அந்தத் தூள் தங்கினால் சிமெண்ட்போல இறுகி, வடிகால் துளையை அடைத்துவிடும்.

சித்திரை, வைகாசியில் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். உப்பைத் தாங்குகிற செடி வறட்சியையும் தாங்கும் என்று நினைத்து விட்டுவிட்டால், சின்னத் தொட்டியில் ஒரே நாளில் கிளை நுனி கருகும். தளத்தின் சூடு வேரைத் தாக்காமல் தொட்டியைச் செங்கல்மேல் வையுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் வடியவும் அதே செங்கல் உதவும். உரத்தை அள்ளிப் போட்டால் தண்டு நீண்டு தொங்குமே தவிர, கிளை அடர்த்தியாகாது.

கத்தரிக்கும்போது ஒரு கிளையில் இலையே இல்லாதபடி மழித்துவிடாதீர்கள். அந்தக் கிளை பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காமல் காய்ந்துபோகும். தொட்டி மாற்றும்போதும் வேரில் சிறு பகுதியை மட்டும் குறையுங்கள்.

வெட்டுக்குச்சி வேர் பிடிப்பது கடினம்; செடியில் இருக்கும் கிளையிலேயே வேர் விடவைக்கும் விண்பதியன் பொறுமையாகப் பல மாதம் எடுத்தாலும் பலன் தரும். விதை பொடிப்பொடியாக இருக்கும். மண்ணுக்குள் புதைக்காமல் ஈர மணல்மேல் தூவி, நீர் தெளிப்பானால் மட்டும் நனைக்க வேண்டும். பூத்தும் காய்க்கவில்லை என்று உரம் மாற்றிப் பார்ப்பவர்கள் பூவை உற்றுப் பார்க்க வேண்டும். சில செடியில் சூல்தண்டு (பூவின் நடுவில் நிற்கும் பெண்பகுதியின் தண்டு) நீளம், சில செடியில் குட்டை. ஒரே வகைப் பூ மட்டும் வீட்டில் இருந்தால் காய் பிடிப்பது மிகக் குறைவு. இரண்டாவது கன்று வாங்கும்போது, பூத்திருக்கும் நேரம் பார்த்துப் போய், மற்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் தனியாகப் பில் வேண்டும்.