அப்டேட் வந்தா நாம மாத்தினது என்ன ஆகும்?

பிசினஸ் அனலிடிக்ஸ் சாஃப்ட்வேரை யாரும் காலி டப்பாவா வாங்குறதில்ல. விற்பனை, கையிருப்பு, வர வேண்டிய பாக்கி, சம்பளம்னு எல்லாத்துக்கும் ரிப்போர்ட்டும் டேஷ்போர்டும் ரெடியா கூடவே வரும், அதுக்கு அடியில டேட்டா மாடல் (எந்த டேபிள் எதோட சேரும், எந்தக் கணக்கு எப்படின்னு சொல்ற அமைப்பு), அதுக்கும் அடியில டேட்டாவை இழுத்துட்டு வர்ற லோடு ஜாப், எல்லாம் கட்டி முடிச்சு குடுத்துருவாங்க. ஆனா எந்த ஆபீஸும் அதை வந்தபடியே வச்சுக்கிட்டதா தெரியல. கஸ்டமர் மாஸ்டர்ல (வாடிக்கையாளர் விவரம் இருக்குற டேபிள்) ரெண்டு காலம் (column) சேர்க்கணும்பாங்க, லாபக் கணக்கு ஃபார்முலா எங்களுக்கு வேற மாதிரிம்பாங்க, டேஷ்போர்டுல அந்த பை சார்ட்டை முதல்ல தூக்குங்கம்பாங்க. கொஞ்ச நாள்ல அது பாதி அவங்களோடது, பாதி நம்மளோடது.

அப்புறம் வெண்டர், அதாவது நமக்கு இதை வித்தவர், புது வெர்ஷன் அனுப்புவார். அதுல பழைய பக் சரியாயிருக்கும், புது ரிப்போர்ட் நாலு வந்திருக்கும், அதனால வேணாம்னு சொல்லவும் முடியாது. போட்டா நம்ம மாற்றம் எல்லாம் அழிஞ்சுடுமோன்னு பயம். இந்த இடத்துல சாஃப்ட்வேர் உள்ள என்ன முடிவு எடுக்குதுன்னு தெரிஞ்சா பயம் பாதி போயிடும், மீதி பாதி இன்னும் சரியான இடத்துக்குப் போகும்.

நம்மகிட்ட இருக்குறதையும் புதுசா வந்ததையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா போதும்னுதான் முதல்ல தோணும். போதாது. ஒரு ரிப்போர்ட்ல நம்மகிட்ட பத்து காலம், புதுசுல ஒன்பதுதான் இருக்குன்னு வைங்க. அந்த பத்தாவதை நாம சேர்த்தோமா, இல்ல வெண்டர் இந்த வெர்ஷன்ல எடுத்துட்டாரா? ரெண்டை மட்டும் வச்சுக்கிட்டு இதுக்கு பதில் சொல்லவே முடியாது. மூணாவது ஒண்ணு வேணும், நாம கை வைக்கறதுக்கு முன்னாடி வெண்டர் குடுத்த அசல். அசல்ல ஒன்பதுன்னா பத்தாவது நம்மளோடது, இருக்கட்டும். அசல்ல பத்துன்னா வெண்டர் எடுத்திருக்கார், நாமளும் எடுத்துடலாம். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தா மாறினது ஜெயிக்கும், ரெண்டு பக்கமும் ஒரே விஷயத்தை வேற வேற மாதிரி மாத்தியிருந்தா அது மோதல், ஆள் உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு பண்ணணும். இதுக்குப் பேர் த்ரீ வே மெர்ஜ். 1979-ல வந்த யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட ஏழாவது வெர்ஷன்லயே மூணு ஃபைலை ஒப்பிட டிஃப்3-ன்னு ஒரு கமாண்ட் இருந்துச்சு, இன்னைக்கு புரோகிராமர்கள் கோடு மாற்றங்களைச் சேர்க்கப் பயன்படுத்துற கிட் (Git) பண்றதும் அடிப்படையில அதே வேலைதான்.

அதனால அசலை யாராவது பத்திரமா வச்சிருக்கணும். இதுலதான் பல பேர் கோட்டை விடுறாங்க, நம்ம வெர்ஷனுக்கு பேக்கப் மேல பேக்கப் எடுப்பாங்க, வெண்டர் முதல்ல குடுத்த ஃபைலை மட்டும் இன்ஸ்டால் முடிஞ்ச கையோட டெலீட் பண்ணிருவாங்க.

ஆரக்கிள் கம்பெனியோட அனலிடிக்ஸ் சாஃப்ட்வேரான ஆரக்கிள் பிஐ-ல இது நேரா கண்ணுக்குத் தெரியும். அங்க மாடல் முழுக்க ஆர்பிடின்னு ஒரே ரெபாசிட்டரி ஃபைல்ல இருக்கும், மெர்ஜ் பண்ணும்போது அசல், இப்ப இருக்குறது, மாத்தினதுன்னு மூணு ரெபாசிட்டரி கேட்கும், மோதல் வந்த ஒவ்வொரு இடத்துலயும் எதை எடுக்கணும்னு லிஸ்ட் போட்டு நம்மகிட்டயே விட்டுரும். எஸ்ஏபி கம்பெனியோட டேட்டா வேர்ஹவுஸ் சாஃப்ட்வேரான எஸ்ஏபி பிடபிள்யூ வேற வழியில போகும். வெண்டர் குடுத்தது டி வெர்ஷன், நம்ம சிஸ்டத்துல ஓடிக்கிட்டு இருக்குறது ஏ வெர்ஷன், எடிட் பண்ணிட்டு இன்னும் ஆக்டிவேட் பண்ணாதது எம் வெர்ஷன். புது கன்டென்ட் (வெண்டர் ரெடியா கட்டிக் குடுக்குறது) வந்தா டி மட்டும்தான் மாறும், ஏ-யை யாரும் தொட மாட்டாங்க. அதனால அப்டேட் போட்ட அன்னைக்கு ஒண்ணும் உடையாது, அந்த ஆப்ஜெக்ட்டை (ரிப்போர்ட், டேபிள் மாதிரி ஒரு உருப்படியை) மறுபடி இன்ஸ்டால் பண்ற அன்னைக்குத்தான் விஷயம் இருக்கு. அங்க மேட்ச் பண்ணவா காப்பி பண்ணவான்னு ஒரு சின்ன டிக் பாக்ஸ், டிக் இருந்தா ரெண்டையும் இணைக்கும், இல்லன்னா நம்ம ஏ வெர்ஷன் மேல டி வந்து உட்கார்ந்துரும். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு குட்டி டிக்குல வச்சிருக்காங்களேன்னு எனக்கு எப்பவும் தோணும். இணைக்கவே முடியாத ஆப்ஜெக்ட்டுக்கு அந்த பாக்ஸே வராது.

அடுத்தது அடையாளம். அசல்ல இருந்த ரிப்போர்ட்டும் புதுசுல இருக்குற ரிப்போர்ட்டும் ஒண்ணுதான்னு டூலுக்கு எப்படித் தெரியும்? பேரை வச்சுன்னா, வெண்டர் பேரை மாத்தின உடனே குழப்பம்தான், பழசு டெலீட் ஆச்சு புதுசா ஒண்ணு வந்துச்சுன்னு எடுத்துக்கும், நம்ம மாற்றம் அனாதையா தொங்கும். அதனால நல்ல டூல் எல்லாம் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் பேர் மாறினாலும் மாறாத ஒரு ஐடி குடுத்து வச்சிருக்கும். ஆரக்கிள்ல அப்கிரேட் ஐடி, மைக்ரோசாஃப்ட்டோட பவர் பிஐ மாடல்ல லீனியேஜ் டேக்.

இதெல்லாம் சரியா இருந்தும் தப்பு நடக்கும், அதுவும் ஒரு சத்தமும் இல்லாம. ஒரு ஃபார்முலா எடுத்துக்கலாம். வெண்டர் குடுத்தது: நிகர விற்பனை = மொத்த விற்பனை கழித்தல் ரிட்டர்ன். நாம அதுல தள்ளுபடியையும் கழிச்சோம். விற்பனை 1000, ரிட்டர்ன் 80, தள்ளுபடி 50, ஆக 870, சரி. புது வெர்ஷன்ல வெண்டர் இந்த ஃபார்முலாவைத் தொடவே இல்ல, ஆனா கீழ லோடு ஜாப்ல, மொத்த விற்பனை காலத்துக்குள்ள டேட்டா வரும்போதே தள்ளுபடியைக் கழிச்சு அனுப்ப ஆரம்பிச்சுட்டார். மெர்ஜ் என்ன பார்க்கும்? ஃபார்முலாவை மாத்தினது நாம மட்டும், நம்மளோடது இருக்கட்டும். லோடு ஜாபை மாத்தினது அவர் மட்டும், அவரோடது வரட்டும். மோதல் பூஜ்யம், பச்சை டிக். ஆனா இப்ப காலத்துல வர்றதே 950, அதுல 80 போக, மறுபடி 50 போக, 820. தள்ளுபடி ரெண்டு தடவை கழிஞ்சுபோச்சு. மெர்ஜ் டூலுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும், அர்த்தம் தெரியாது, அதனால மோதல்னு சிவப்புல காட்டுற இடத்தை விட பச்சையா காட்டுற இடத்தைத்தான் நான் அதிகமா சந்தேகப்படுவேன்.

இதைப் பிடிக்க ஒரே வழி நம்பரை நம்பரோட ஒப்பிடறது. கணக்கு முடிஞ்சுபோன ஒரு மாசத்தை எடுத்துக்கணும், ஏன்னா அதுல இனிமே எதுவும் மாறாது. டெஸ்ட் சிஸ்டத்துல அப்டேட் போடறதுக்கு முன்னாடி முக்கியமான ரிப்போர்ட்டை ஓட்டி சேவ் பண்ணிட்டு, அப்டேட் போட்டு டேட்டாவை மறுபடி லோடு பண்ணி, அதே ரிப்போர்ட்டை ஓட்டணும். ரீலோடு பண்ணாம ஒப்பிட்டா பிரயோஜனம் இல்ல, பழைய டேட்டாவே உட்கார்ந்திருக்கும், மேல சொன்ன 820 கண்ணுல படவே படாது. வித்தியாசம் வந்தா அது தப்புன்னு இல்ல, வெண்டர் பக்கை சரிபண்ணதாலயும் மாறலாம், ஆனா ஏன் மாறுச்சுன்னு யாராவது ஒருத்தர் பதில் சொல்லணும்.

சரி, இந்த மெர்ஜ் தலைவலியே வராம இருக்க முடியுமா? பெரும்பாலும் முடியும், அவங்க பொருளுக்குள்ள கை வைக்காம அதுக்குப் பக்கத்துல நம்மளோடதை வச்சா. மேல சொன்ன கதையில நாம நிகர விற்பனைங்கற மெஷரையே (மாடல்ல எழுதி வச்ச கணக்கு ஃபார்முலாவையே) திருத்தினோம், அதுக்கு பதிலா அதைக் கூப்பிட்டு அதுல இருந்து தள்ளுபடியைக் கழிக்கிற புது மெஷர் ஒண்ணை நம்ம பேர்ல எழுதியிருக்கலாம். (820 பிரச்சினை அப்பவும் வரும், ஆனா அவங்களோட நிகர விற்பனை தொடப்படாம பக்கத்துலயே 870-ன்னு காட்டும், ஒப்பிட்டா உடனே தெரிஞ்சுரும்.) வெண்டர்களும் இதுக்குன்னு இடம் ஒதுக்கி வச்சிருக்காங்க. எஸ்ஏபி குடுக்குற பிடபிள்யூ ஆப்ஜெக்ட் பேர் பூஜ்யத்துல ஆரம்பிக்கும், நாம பண்றது எழுத்துல ஆரம்பிக்கணும், பழக்கத்துல எல்லாரும் இசட் போடுவாங்க. ஆரக்கிள் பிஐ-க்கு ரெடியா கட்டி வர்ற ஆரக்கிள் பிஐ ஆப்ஸ்ல அவங்க டேபிள் பேர் டபிள்யூ அண்டர்ஸ்கோர்னு (W_) ஆரம்பிக்கும், நம்ம டேபிள் பேர் டபிள்யூசி அண்டர்ஸ்கோர்னு (WC_) ஆரம்பிக்கும். லோடு ஜாபுக்குள்ள எக்ஸ் கஸ்டம்னு (X_CUSTOM) ஒரு டம்மி காலம் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் போகும், நம்ம புது காலமும் அதே பாதையில போனா அப்கிரேட் அதைத் தொடாது, அந்தப் பாதையை விட்டு விலகினா அதுக்கு அவங்க பொறுப்பில்ல.

முழு ரிப்போர்ட்டையும் காப்பி எடுத்து வேற பேர்ல வச்சுக்கறதும் இந்த வகைதான். பவர் பிஐ டெம்ப்ளேட் ஆப்பை (ரெடியா கட்டி வர்ற ரிப்போர்ட் தொகுப்பு) அப்டேட் பண்ணும்போது இருக்குற வொர்க்ஸ்பேஸ் (அதை வச்சிருக்குற இடம்) மேலயே எழுதலாம், இல்லன்னா தனி வொர்க்ஸ்பேஸ்ல இன்னொரு காப்பியா போடலாம். சேஃப்தான், ஆனா இனி அந்தக் காப்பிக்கு வெண்டர் ஒண்ணும் பண்ண மாட்டார், அவர் சரிபண்ற பக் நம்ம காப்பியில அப்படியே கிடக்கும். அதனால சின்னதா ஒரு கலர் மாத்தறதுக்கெல்லாம் காப்பி எடுக்கறது எனக்குப் பிடிக்காது, ஆனா லாஜிக்கையே தலைகீழா மாத்தறீங்கன்னா காப்பி எடுத்துட்டு, எந்த வெர்ஷன்ல இருந்து எடுத்தது, ஏன் எடுத்ததுன்னு டிஸ்கிரிப்ஷன்லயே எழுதி வச்சுடுங்க.

அந்த 'ஏன்' அடுத்த அப்கிரேட்ல இன்னொண்ணுக்கும் உதவும். நாம மூணு வருஷம் முன்னாடி கஷ்டப்பட்டு சேர்த்த அதே காலத்தை வெண்டரே இந்தத் தடவை குடுத்திருப்பார், ஆனா வேற பேர், வேற ஐடி, மெர்ஜ் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்காது, ரெண்டையும் வச்சுக்கும். ரிலீஸ் நோட்டை நம்ம மாற்றங்களோட லிஸ்ட்டுக்குப் பக்கத்துல வச்சு வரி வரியாப் படிச்சாதான் தெரியும், அப்ப ரிப்போர்ட்டை எல்லாம் அவங்க காலத்துக்கு மாத்திட்டு நம்மளோடதைத் தூக்கிரலாம்.