ஆடும் பிணைச்சலும் அறுந்த நாரும்

என் மருமகனுக்கு வலது முழங்கால் இரண்டாம் தடவை போனது மட்டக்களப்பு வெபர் விளையாட்டரங்கில், யாரும் மோதாமலே. ஓடிவந்து காலை ஊன்றி உடலைத் திருப்பினான். உடல் திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. "அதே சத்தம்தான் மாமா" என்றான். முதல் சத்திரசிகிச்சை முடிந்து அப்போது ஆறரை மாதம். அறுந்த கயிற்றுக்குப் பதில் இன்னொரு கயிறு, அவ்வளவுதானே என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம். நானும்தான்.

ஊர்ப்பேச்சில் முழங்காலுக்குள் எது கிழிந்தாலும் 'சவ்வு' கிழிந்ததுதான். இவனுக்கு அறுந்தது முன் சிலுவை இணையம் (ACL). தொடையெலும்பையும் கணைக்காலெலும்பையும் மூட்டின் நடுவே சிலுவைபோல் குறுக்காகப் பிணைக்கும் இரண்டு நார்களில் முன்னது. நீளம் ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர். இளவயதினரின் இணையத்தை ஆய்வுகூடத்தில் இழுத்துப் பார்த்தபோது, அறுவதற்கு ஏறத்தாழ 2,160 நியூற்றன் விசை தேவைப்பட்டது. 220 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். கணைக்கால் முன்னே வழுக்காமலும் உள்நோக்கி முறுகாமலும் பிடித்துக்கொள்வது இதுதான்.

முறிவு வைத்தியரிடம் பத்துப் போட்டால் கை எலும்பு கூடுகிறதே, இது ஏன் கூடாது என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. எலும்பு முறிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, அந்த உறைவின் மேல்தான் புதிய எலும்பு வளர்கிறது. மூட்டுக்குள்ளோ அறுந்த முனைகளைச் சுற்றி மூட்டுத்திரவம் நிற்கிறது. உறைவு அங்கே நிலைக்காமல் கரைந்துபோகிறது. ஆகவே பெரும்பாலும் தைப்பதில்லை. பின்தொடையிலிருந்தோ முழங்காற் சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாரை எடுத்து, இரண்டு எலும்புகளிலும் துளையிட்டு, அதனூடாகக் கோத்து இறுக்குகிறார்கள்.

கோத்த அன்று அந்த நார் பலமானது. பிறகுதான் பலம் இழக்கிறது. இரத்த ஓட்டம் அறுந்ததால் அதன் உயிரணுக்கள் மடிகின்றன. புதிய குழாய்கள் உள்ளே நுழைந்து, நார் மெல்ல மெல்ல இணையமாக மாற ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். பிடுங்கி நட்ட மிளகாய்க் கன்று வாடி, வேர்பிடித்து, பிறகு நிமிர்வதுபோலத்தான். வாடியிருக்கும் மாதங்களில் வலி குறைந்துவிடுவதுதான் சிக்கல்: கால் சரியாகிவிட்டது என்று பையன்கள் மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒன்பது மாதம் வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் காயப்படும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று 2016இல் நோர்வே ஆய்வு ஒன்று காட்டியது. இவன் போனது ஆறரை மாதத்தில்.

ஆனால் அவசரத்தை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. மறு சத்திரசிகிச்சையில் முதல் வேலை, ஏன் அறுந்தது என்று துப்பறிவது. அடிக்கடி அகப்படும் குற்றவாளி துளையின் இடம். இயற்கையான இணையம் தொடையெலும்பில் ஒட்டுவது பின்பக்கமாக, தாழ்வாக. துளை சில மில்லிமீற்றர் முன்னே விழுந்தாலும், முழங்காலை மடக்கும்போதெல்லாம் நார் விறைத்து நாளடைவில் நெகிழும். துளை உயரத்தில் விழுந்தால் நார் செங்குத்தாக நிற்கும். முன்வழுக்கலைத் தடுக்கும், முறுகலைத் தடுக்காது. அப்படிப்பட்ட கால் நேராக நடக்கும்போது நல்ல பிள்ளை. வெட்டித் திரும்பும்போது கைவிட்டுவிடும்.

வேறு சந்தேக நபர்களும் உண்டு: முதல் தடவை கவனிக்காமல் விட்ட பக்கவாட்டு இணையக் காயம், வெட்டியெடுத்த மூட்டுத் தட்டு (இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு). கணைக்காலெலும்பின் மேற்பரப்பு பின்னோக்கிக் கூடுதலாகச் சரிந்திருப்பதும் ஒன்று. சரிவான கரையில் கட்டிய தோணி கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பதுபோல, ஒவ்வோர் அடிக்கும் புதுநார் இழுபடும். சரிவு 12 பாகையைத் தாண்டினால், சில நேரங்களில் எலும்பில் ஆப்பு வடிவத்தில் வெட்டிச் சரிவையே குறைக்கிறார்கள்.

இனித் துளைக்கு வருவோம். மறுசிகிச்சையின் பாதிப் பாடு அங்கேதான். கதவுப் பிணைச்சலின் ஆணித்துளை ஆடி ஆடி அகன்றுவிட்டால், அதிலேயே புது ஆணியை முறுக்கும் தச்சன் இல்லை. மரக்கட்டையை அடித்து அடைத்து, பிறகு புதிதாகத் துளைப்பான். முழங்காலிலும் அதே கதை. பழைய நார் அசைந்து அசைந்து துளை அகன்றிருக்கும். சி.டி. ஸ்கானில் அளந்து, அகலம் 14, 15 மில்லிமீற்றர் அளவை எட்டியிருந்தால், அல்லது பழைய துளை புதிய துளைக்குப் பாதி வழி மறித்தால், பல நிபுணர்கள் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலில் பழைய திருகாணிகளைக் கழற்றி, இடுப்பெலும்பிலிருந்து சுரண்டிய எலும்பைத் துளையில் அடைப்பது. நான்கு முதல் ஆறு மாதம் பொறுத்து, எலும்பு இறுகியதா என்று மறுபடி ஸ்கான் பார்த்து, அதன்பிறகே புதிய நார்.

எந்த நார்? இவனுக்குப் பின்தொடை நார் செலவாகிவிட்டது. மிஞ்சியவை சில்லு நார், முன்தொடை நார், இடது காலின் நார். கூடவே முழங்காலின் வெளிப்புறத்தில் இன்னொரு பட்டையை இழுத்துக் கட்டி முறுகலைத் தடுப்பதும் உண்டு. முதல் சிகிச்சை செய்துகொண்ட 618 இளையோரிடம் நடந்த ஆய்வொன்றில், இப்பட்டை சேர்த்தவர்களில் இரண்டு வருடத்துக்குள் நார் அறுந்தவர்கள் நூற்றுக்கு 4 பேர், சேர்க்காதவர்களில் 11. மறுசிகிச்சைக்கும் பலர் இதைத் தேர்கிறார்கள். ஆனாலும் இரண்டாம் நார் முதலாவதைவிட எளிதில் அறுகிறது, பழைய ஆட்டத்துக்குத் திரும்புவோரும் குறைவு. இதை அவனிடம் மறைக்காமல் சொன்னேன்.

துளை அடைத்து இப்போது மூன்று மாதம். கல்லடிப் பாலம் வரை தினமும் நடக்கிறான். இடது தொடைக்கும் வலது தொடைக்கும் சுற்றளவில் எவ்வளவு வித்தியாசம் என்று அக்காவின் தையல் நாடாவால் அளந்து எழுதி வைக்கிறான். அடுத்த ஸ்கான் தைப்பொங்கல் கழித்து.