கூப்பன் புத்தகமும் அரிசி மூட்டையும்: போர்க்கால ரேஷன் ஒரு குடும்பத்துக்கு எப்படி நடந்தது

மொரீசியசில் ரேஷன் என்ற சொல் பழையது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்குச் சம்பளத்தோடு அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் அளந்து கொடுத்ததும் ரேஷன்தான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் நடந்த ரேஷன் வேறு வகை. அங்கே தோட்ட முதலாளி எதையும் அளந்து போடவில்லை. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இவ்வளவுதான் வாங்கலாம், இந்தக் கடையில்தான் வாங்கலாம் என்பதை ஒரு புத்தகம் முடிவு செய்தது. அந்த முறை எப்படி ஓடியது என்று தெரிந்தால், அதே அரசு ஆண்ட நம் தீவில் ஏன் அது வயிற்றை நிரப்பவில்லை என்பதும் விளங்கும்.

புத்தகம் கைக்கு வந்த வழி

1939 செப்டம்பர் 29 இரவு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று குடும்பத் தலைவர் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தக் கணக்கை வைத்து ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வந்தது. பிறகு உள்ளூர் உணவு அலுவலகம் ஆளுக்கொரு ரேஷன் புத்தகம் அனுப்பியது. பெரியவர்களுக்கு மங்கிய மஞ்சள் நிறம். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் பச்சை. 5 முதல் 16 வயது வரை நீலம்.

புத்தகம் வந்தால் மட்டும் போதாது. கடையில் பதிய வேண்டும். எந்தக் கடை என்று எழுதிய அடிச்சீட்டைக் கடைக்காரர் வெட்டி எடுத்து உணவு அலுவலகத்துக்கு அனுப்புவார். அவரிடம் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்களோ அத்தனை பேருக்கான சரக்கு வாங்க அனுமதிச் சீட்டு வரும். முழுத் திட்டத்துக்கும் அச்சாணி இதுதான். பதிந்தவருக்கு அவர் பங்கு அந்தக் கடையில் கட்டாயம் இருக்கும். பதியாதவருக்குப் பணம் இருந்தும் பயனில்லை.

நம் ஊர் சீனக் கடை 'கர்னே' நோட்டும் குடும்பத்தை ஒரே கடையில் கட்டிப்போடும், ஆனால் அது கடன் நோட்டு. ரேஷன் புத்தகத்தில் கடன் கிடையாது. கையில் காசு இல்லாத வாரத்தில் கூப்பன் வீண். அதனால்தான் ஏழைக் குடும்பங்கள் சில கூப்பனை விற்றன. அது குற்றம். கூப்பனைக் கிழித்து மொத்தமாகக் கடைக்காரரிடம் கொடுத்து வைப்பதும் விதிமீறல்.

வீடு மாறினால் உணவு அலுவலகம் போய்ப் புதுக் கடையில் பதிய வேண்டும். யாராவது இறந்துபோனால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விடுப்பில் வீட்டுக்கு வரும் சிப்பாய்க்குத் தற்காலிக அட்டை உண்டு. இரண்டு நாள் தங்க வரும் விருந்தாளிக்கு எதுவும் கிடையாது. ஆகவே வருகிறவர்கள் தங்கள் சர்க்கரையையும் தேயிலையையும் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டு வருவார்கள். அதை யாரும் குறையாக எண்ணவில்லை.

ஐந்து பேர் வீட்டின் கணக்கு

ரேஷன் தொடங்கியது 1940 ஜனவரி 8. முதலில் பன்றி இறைச்சி (பேக்கன்), வெண்ணெய், சர்க்கரை மட்டும். மார்ச்சில் இறைச்சி, ஜூலையில் தேயிலை, 1941-ல் பாலாடைக்கட்டி என்று பட்டியல் நீண்டது. அளவும் அவ்வப்போது மாறியது. போரின் நடுப்பகுதியில் ஆளுக்கு வாரம் 8 அவுன்ஸ் சர்க்கரை, 2 அவுன்ஸ் தேயிலை, 1 ஷில்லிங் 2 பென்ஸ் விலைக்கு இறைச்சி. ஒரு அவுன்ஸ் என்பது 28 கிராம், ஒரு ஷில்லிங் என்பது 12 பென்ஸ்.

கணவன், மனைவி, மாமியார், 8 வயதுப் பிள்ளை, 3 வயதுப் பிள்ளை உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை 40 அவுன்ஸ், அதாவது இரண்டரை ராத்தல். 1942 ஜூலைக்குப் பின் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேயிலை இல்லை என்பதால் நான்கு பேர் பங்கான 8 அவுன்ஸ்தான். சின்னக் குழந்தைக்கு இறைச்சி பாதி, 7 பென்ஸ். மொத்தம் 5 ஷில்லிங் 3 பென்ஸ்.

இறைச்சிக்கு மட்டும் எடை வைக்காமல் விலை வைத்ததில் ஒரு சூட்சுமம் உண்டு. நல்ல துண்டு கேட்டால் கொஞ்சம்தான் வரும். கழுத்து, கால் எலும்புப் பகுதி வாங்கினால் அதே காசுக்கு இரண்டு நாள் குழம்பு. ஈரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளும் சாசேஜும் கூப்பன் கணக்கில் வராது. மீனுக்கும் கூப்பன் இல்லை, ஆனால் வரிசை நீளம்.

வீட்டார் ஆளுக்கொரு கடையில் பதிந்தால் நஷ்டம். வெண்ணெயில் இரண்டு அவுன்சைத் தனியாக வெட்டி எடுப்பதும் பத்து அவுன்சை ஒரே கட்டியாக வாங்குவதும் ஒன்றல்ல. தூரத்துக் கடையில் பதிவதும் தப்பு. வரிசையில் நிற்கிற பாதி நாள் பேருந்திலும் போய்விடும்.

பாயிண்ட்

1941 டிசம்பர் 1 முதல் டப்பா உணவுகளுக்குப் பாயிண்ட் வந்தது. சில வாரத்தில் பருப்பு, அரிசி, ஜவ்வரிசி, உலர்பழமும் சேர்ந்தன. நான்கு வாரத்துக்கு ஆளுக்கு 16 பாயிண்ட், பின்னால் கூடியது. இதற்கு ஒரே கடை என்ற கட்டு இல்லை. எந்தக் கடையிலும் செலவழிக்கலாம். தொடக்கத்தில் 16 பாயிண்டுக்கு ஒரு டப்பா மீனோ இறைச்சியோ, அல்லது 2 ராத்தல் உலர்பழமோ, அல்லது 8 ராத்தல் உடைத்த பட்டாணியோ வாங்கலாம்.

8 ராத்தல் என்பது மூன்றரைக் கிலோவுக்கு மேல். தால் பூரி சுடுகிறவர்கள் அந்தக் கணக்கைப் பார்த்தால் டப்பாப் பக்கம் திரும்பவே மாட்டார்கள். சரக்கு இருப்பைப் பொறுத்துப் பாயிண்ட் மதிப்பை அரசு ஏற்றி இறக்கியது. முதல் நாளே எல்லாவற்றையும் செலவழித்தவர்கள் ஏமாந்தார்கள். கடைசி வாரம் வரை பொத்தி வைத்தவர்களும் ஏமாந்தார்கள், தவணை முடிந்தால் பாயிண்ட் செத்தது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் உணவு அலுவலகத்தில் சொல்லிப் பதிந்து, இறைச்சிப் பங்கை விட்டுக்கொடுத்துக் கூடுதல் பாலாடைக்கட்டி வாங்கலாம். கோழி வளர்ப்பவர்கள் முட்டைப் பதிவை விட்டுக்கொடுத்தால் தீவன மாவுக்குக் கூப்பன் கிடைக்கும். அதைச் சமையலறைக் கழிவோடு பிசைந்து போட வேண்டும்.

மற்றவர்களுக்கு வாரம் ஒரு முட்டை, அதுவும் கிடைத்தால். அந்தக் குறையை நிரப்ப முட்டைப் பொடி. ஒரு பொட்டலம் 12 முட்டைக்குச் சமம். ஒரு மட்டக் கரண்டிப் பொடிக்கு இரண்டு கரண்டித் தண்ணீர், இரண்டையும் ஒரே மேசைக்கரண்டியால் அளக்க வேண்டும். தண்ணீர் விட்டதும் அடித்தால் கட்டி தட்டும். சற்று நேரம் ஊறவிட்டு, பொடி தண்ணீரைக் குடித்த பிறகு மரக்கரண்டியால் கட்டியை அமுக்கிக் கரைக்க வேண்டும். கூம்பாக அள்ளிப் போட்டால் ரப்பர் மாதிரி வரும். ஏற்கெனவே முட்டைப் பொடிக்குக் கெட்ட பேர், பாதி இந்தக் கூம்புக் கரண்டியால் வந்தது.

கர்ப்பிணிக்கு

மருத்துவரிடமோ தாதியிடமோ சான்று வாங்கி உணவு அலுவலகத்தில் காட்டினால், குழந்தை பிறக்கும் முன்பே பச்சைப் புத்தகம். நாளுக்கு ஒரு பைண்ட் பால் (சற்றே அரை லிட்டருக்கு மேல்) 2 பென்சுக்கு, வசதியில்லாதவருக்கு இலவசம். பழம் வந்தால் முதல் உரிமை, கூடுதல் முட்டை. ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும் தனித் திட்டத்தில் வந்தன. மீன் எண்ணெயைப் பலர் வாங்கவே போகவில்லை. நாற்றம் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

துணிக்கும் கூப்பன் வந்தது, 1941 ஜூன் 1-ல், ஆண்டுக்கு 66. முன்கூட்டித் தெரிந்தால் கடைகளில் கூட்டம் அள்ளிவிடும் என்று ரகசியமாக வைத்திருந்தார்கள். தனிப் புத்தகம் அச்சாகாததால் உணவுப் புத்தகத்தில் மீந்திருந்த மார்ஜரீன் கூப்பனையே துணிக்குப் பயன்படுத்தச் சொன்னார்கள். ஆண்களின் சூட் ஒன்றுக்கே 26 போய்விடும்.

வயிறு நிரப்பும் பொருள்

மேலே சொன்ன பட்டியலில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் இல்லை. தற்செயலாக விட்டுப்போனது கிடையாது. போர் முடியும்வரை இரண்டுக்கும் கூப்பன் போடவில்லை. 1942 முதல் வெள்ளை ரொட்டியை நிறுத்தி, தவிடு அதிகம் சேர்ந்த பழுப்பு ரொட்டி போட்டார்கள். முணுமுணுத்தார்கள், ஆனால் வேண்டிய மட்டும் தின்றார்கள். ருசிக்கானதை அளந்து, வயிற்றுக்கானதைத் திறந்து விட்டதால்தான் புத்தகத்துக்கு மரியாதை நின்றது. போர் முடிந்தபின், 1946 ஜூலையில் ரொட்டிக்கும் கூப்பன் வந்தபோது எழுந்த கோபத்தைப் பார்த்தால் இது புரியும். 1948 ஜூலையில் எடுத்துவிட்டார்கள்.

மொரீசியசில் வயிற்றுக்கான பொருள் அரிசி. அது பெரும்பாலும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததோடு அந்த வழி அடைபட்டது. இங்கே அட்டை போட்டு அளக்க வேண்டியிருந்தது சோற்றையே. அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, மக்காச்சோளம், மரவள்ளி, சர்க்கரைவள்ளி. கரும்புத் தோட்டங்கள் நிலத்தில் ஒரு பகுதியை உணவுப் பயிருக்கு விட வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. கரும்பு வெட்டுகிற உடம்புக்கு இந்த மாற்று எடுபடவில்லை. வாழையிலையில் ஏழு கறி வைத்தாலும் நடுவில் சோறு இல்லாவிட்டால் அது சாப்பாடா?

விலை ஏறியது, கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. 1943 செப்டம்பர் 27-ல் பெல் வ்யூ அரேல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நின்ற தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. கர்ப்பிணியான அஞ்சலை உட்பட நால்வர் இறந்தார்கள். பிரிட்டனில் இருந்திருந்தால் அவர் பச்சைப் புத்தகத்துக்கு உரியவர். 1945-ல் அடுத்தடுத்து மூன்று புயல் அடித்து, போட்டிருந்த பயிரையும் சாய்த்தன.

பிரிட்டனில் கடைசியாக இறைச்சிக்கான கூப்பன் 1954 ஜூலை 4-ல் நின்றது. நம் கடைகளில் இன்றைக்கும் 'திரி ராஸ்யோன்' என்று கேட்டால் மானிய விலை அரிசியை எடுத்துக் கொடுப்பார்கள். அட்டை கேட்கமாட்டார்கள்.