கிராஃபிக்ஸ் கார்டு சூடாகுதா? ஸ்க்ரூ டிரைவரை எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கம்ப்யூட்டர் சர்வீஸ்ல இருக்கறதால என் டேபிளுக்கு அடிக்கடி வர்ற கேஸ் இது. பார்ட்ஸ் ஒவ்வொன்னா பார்த்து பார்த்து வாங்கி சொந்தமா அசெம்பிள் பண்ண கேமிங் பிசி, ஆரம்பத்துல சூப்பரா ஓடிச்சு, இப்போ கேம் போட்டு கொஞ்ச நேரத்துலயே ஃபேன் இரைச்சல் தாங்கல, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் வருதுங்கற கணக்கு) சரிஞ்சு படம் திக்கித் திக்கி ஓடுது. "கார்டு ஹீட் ஆகுது, பேஸ்ட் மாத்திக் குடுங்க"ன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வர்றாங்க (பேஸ்ட்ங்கறது சிப்புக்கும் அதைக் குளிர வைக்கற ஹீட் சிங்க்ங்கற உலோகத்துக்கும் நடுவுல சூட்டைக் கடத்த தடவறது), சில பேர் வீட்லயே ஒரு வீடியோவ பார்த்து கார்டை பிரிச்சுட்டு அதுக்கப்புறம் வர்றாங்க. எனக்கு மனசு கஷ்டமா இருக்கறது இந்த ரெண்டாவது கேஸ்தான். சூட்டால ஒரு கார்டு ஒரே நாள்ல சாகறது அபூர்வம், தன்னைக் காப்பாத்திக்கற ஏற்பாடு அதுக்குள்ளயே இருக்கு. ஆனா அவசரப்பட்டு திறந்து ஃபேன் ஒயர் பிஞ்சு, சூட்டைக் கடத்தற மெத்தை மாதிரியான பேட் கிழிஞ்சு, சிப்போட ஓரம் உடைஞ்சு வந்தா அதைக் காப்பாத்தறது ரொம்ப கஷ்டம்.

அந்த ஏற்பாடு என்னன்னா, என்விடியா கார்டுகள்ல பல தலைமுறையா டீஃபால்ட் டெம்பரேச்சர் டார்கெட் 83 டிகிரி சுத்தித்தான் இருக்கு, அதைத் தொட ஆரம்பிச்சதும் கார்டு தானாவே கிளாக் ஸ்பீடை குறைச்சுக்கும். அதிகபட்சம்னு கம்பெனி சொல்றது ஆர்டிஎக்ஸ் 3080க்கு 93, 4090க்கு 90. ஏஎம்டி வேற மாதிரி, சிப்புக்குள்ள இருக்கற நிறைய சென்சார்ல எது அதிக சூடோ அதை ஜங்ஷன்னு காட்டும், ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி வந்தப்பவே 110 வரைக்கும் போறது நார்மல்னு அவங்களே சொல்லிட்டாங்க. அதனால யாரோ ஒருத்தர் "என் கார்டு 65க்கு மேல போனதே இல்ல"ன்னு சொன்னதைக் கேட்டு உங்க கார்டு 78ல ஓடறதுக்கு பயப்படாதீங்க, அது நோய் இல்ல.

முதல்ல அளந்து பாருங்க. ஹெச்டபிள்யூஇன்ஃபோ இல்லன்னா ஜிபியு-இசட் போடுங்க, ரெண்டுமே இலவச சாஃப்ட்வேர்தான். நீங்க வழக்கமா ஆடற கேமையே அரைமணி நேரம் ஆடிட்டு நாலு விஷயம் பாருங்க: கோர் டெம்பரேச்சர், ஹாட்ஸ்பாட் (சிப்புல அதிக சூடான இடம், ஏஎம்டில ஜங்ஷன்), மெமரி டெம்பரேச்சர், ஃபேன் ஆர்பிஎம். ஃபர்மார்க் மாதிரி கார்டை முழு லோடுல ஓட்டற டெஸ்ட் போட்டு வறுத்தெடுக்க வேண்டாம், எந்த கேமும் அந்த அளவுக்கு கார்டை பிழியாது, அதுல வர்ற நம்பரை வச்சு ஒரு முடிவுக்கு வர முடியாது. என்விடியா கார்டுன்னா ஜிபியு-இசட்ல பெர்ஃப்கேப் ரீசன்னு ஒரு வரி இருக்கும், அதுல தெர்மல்னு வந்தா மட்டும்தான் சூட்டால ஸ்பீடு குறையுதுன்னு அர்த்தம், பவர் இல்ல வோல்டேஜ்னு வந்தா கார்டு அதோட சாதாரண எல்லைக்குள்ள ஓடுதுன்னு அர்த்தம். இன்னொன்னு, கோர் 70ல இருக்கறப்பவே பிசி சட்டுன்னு ஆஃப் ஆகி ரீஸ்டார்ட் ஆகுதுன்னா கார்டை விட்டுட்டு பவர் சப்ளையை சந்தேகப்படுங்க. பெரிய கார்டுங்க ஒரு நொடியில சின்ன பகுதி நேரத்துக்கு ரெண்டு மடங்கு வரைக்கும் கூட கரன்ட் இழுக்கும், சுமாரான பவர் சப்ளை அதைத் தாங்காம கட் ஆயிடும்.

கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நான் முதல்ல பார்க்கற நம்பர். 10லேர்ந்து 15 டிகிரி வித்தியாசம் இருந்தா நல்லது. 25, 30ன்னு விலகிப் போச்சுன்னா சிப்பும் ஹீட் சிங்க்கும் சரியா ஒட்டலன்னு அர்த்தம், பேஸ்ட் காய்ஞ்சிருக்கும் இல்ல ஓரத்துக்கு ஒதுங்கிருக்கும். ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ்ல ஹாட்ஸ்பாட் நம்பரை காட்டறதையே நிறுத்திட்டாங்க, கார்டு வச்சிருக்கறவங்களுக்கு அது நஷ்டம்தான். புதுக் கார்டுலயே இந்த வித்தியாசம் பெருசா இருந்தா ஸ்க்ரூவ தொடாம கடைக்கே திருப்பிக் குடுங்க. 2022 கடைசியில வந்த ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ்ல ஏஎம்டியோட சொந்த டிசைன் கார்டு சிலது 110ஐ தொட்டுச்சு, சூட்டைப் பரப்பற வேப்பர் சேம்பருக்குள்ள தண்ணி கம்மியா போட்டதுதான் காரணம்னு கம்பெனியே ஒத்துக்கிட்டு மாத்திக் குடுத்துச்சு. அந்த கார்டுக்கு எத்தனை தடவை பேஸ்ட் போட்டிருந்தாலும் சரியாகிருக்காது.

அடுத்தது காசு செலவே இல்லாத டெஸ்ட். கேபினெட்டோட சைடு பேனலை கழட்டி வச்சுட்டு அதே கேமை அதே நேரம் ஆடுங்க. டெம்பரேச்சர் 3 டிகிரி குறைஞ்சா பெருசா ஒன்னும் இல்ல. 8, 10ன்னு இறங்கினா உங்க கார்டு நல்லாதான் இருக்கு, கேபினெட்டுக்குள்ள காத்துதான் வரல. முன்பக்கம் மொத்தமா கண்ணாடி போட்டு ஓரத்துல விரல் நுழையற அளவு சந்து மட்டும் விட்ட கேபினெட்ல இதை நிறைய பார்க்கறேன், பார்க்க அழகா இருக்கு, ஃபேன் பாவம் எங்கேர்ந்து காத்தை இழுக்கும்? கார்டை வெர்டிகலா நிக்க வச்சு கண்ணாடியோட ஒட்டினாப்ல ஃபேன் இருக்கற பிசியும் அப்படித்தான். சில சமயம் முன்னாடி ஃபேனை திருப்பி மாட்டியிருப்பாங்க, எல்லா ஃபேனும் வெளியே தள்ளுது, உள்ள இழுக்க ஆளே இல்ல. ஒரு டிஷ்யூ பேப்பரை பக்கத்துல பிடிச்சா எந்தப் பக்கம் காத்து போகுதுன்னு தெரிஞ்சிடும்.

கேபினெட் சரியா இருந்தா தூசிக்கு வாங்க. ஃபேன் பிளேடு சுத்தமா இருக்குன்னு விட்டுடாதீங்க. ஃபேன் மூடியை எடுத்துட்டு பார்த்தா ஹீட் சிங்க்கோட ஃபின் வாயில கம்பளி மாதிரி ஒரு படலம் அடைச்சுட்டு இருக்கும், அதுக்குக் கீழ ஃபின் புதுசாட்டம் மின்னும், ஏன்னா காத்தோட தூசி அதைத் தாண்டி உள்ளயே போகல. அந்தப் படலத்தை எடுத்தாலே நிறைய கார்டுக்கு பேஸ்ட் வேலையே தேவைப்படாது. ஊதறப்ப ஒரு விஷயம்: ஃபேன் பிளேடை விரலால பிடிச்சுக்கிட்டு ஊதுங்க, ப்ளோயர் வேகத்துல ஃபேன் கண்டபடி சுத்தினா பேரிங் போகும், மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி வேலை செஞ்சு போர்டுக்கு கரன்ட் அனுப்பவும் வாய்ப்பு இருக்கு. வீட்ல இருக்கற வாக்யூம் கிளீனர் முனையை கார்டுக்குள்ள விடவே விடாதீங்க, ஸ்டேட்டிக் ஆபத்து.

கேம் எதுவும் ஓடாதப்பவே கார்டு சூடா இருந்தா அது தனிக் கதை. நிறைய கார்டுல 50, 60 டிகிரி வரைக்கும் ஃபேன் சுத்தவே சுத்தாது, அது டிசைன், ரிப்பேர் இல்ல. வேற வேற ரெஃப்ரெஷ் ரேட்ல ரெண்டு மானிட்டர் மாட்டினா மெமரி கிளாக் கீழ இறங்காம சும்மாவே சூடாகும். ஆனா டெஸ்க்டாப்ல சும்மா இருக்கறப்ப ஜிபியு யூசேஜ் 90 சதவீதம்னு காட்டுதா, டாஸ்க் மேனேஜரை திறந்ததும் அது டக்குனு குறைஞ்சிடுதா? யாருக்கோ உங்க கார்டு கிரிப்டோ மைனிங் பண்ணிக்கிட்டு இருக்க வாய்ப்பு அதிகம். கிராக் பண்ண கேமோட சேர்ந்து இது உள்ள வரும், பேஸ்ட் மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல, விண்டோஸை சுத்தமா இன்ஸ்டால் பண்ணுங்க, பாஸ்வேர்டு எல்லாத்தையும் வேற நல்ல டிவைஸ்லேர்ந்து மாத்துங்க.

திறக்காமலே சூட்டை குறைக்க வழி இருக்கு. ஆஃப்டர்பர்னர்ங்கற சாஃப்ட்வேர்ல பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்க, பெரும்பாலான கார்டுல எஃப்பிஎஸ் கொஞ்சம்தான் குறையும், சூடும் சத்தமும் நல்லாவே குறையும். உங்க மானிட்டர் 144 ஹெர்ட்ஸ்னா எஃப்பிஎஸ்ஸையும் அதோட நிறுத்துங்க, மெனு ஸ்க்ரீன்ல ஆயிரம் எஃப்பிஎஸ் ஓடி யாருக்கு என்ன லாபம்.

இவ்வளவும் பார்த்து, ஹாட்ஸ்பாட் வித்தியாசம் இன்னும் பெருசா இருந்து, வாரண்டியும் முடிஞ்சிருந்தா அப்பதான் பேஸ்ட். இங்கதான் பேட் விஷயத்துல ஏமாந்துடறாங்க. மெமரி சிப் மேல இருக்கற தெர்மல் பேட் ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு தடிமன் இருக்கும், 1 மில்லிமீட்டர் இருந்த இடத்துல 2 மில்லிமீட்டர் வச்சா அது ஹீட் சிங்க்கையே தூக்கிப் பிடிச்சுக்கும், நடுவுல சிப் தொடவே தொடாது. அப்படி ஒரு கார்டு வந்துச்சு, பேஸ்ட் மாத்தினதுக்கப்புறம் கேம் போட்ட உடனே ஹாட்ஸ்பாட் நூறைத் தாண்டுதுன்னு. திறந்து பார்த்தா ஹீட் சிங்க்ல ஒரே ஒரு மூலையில மட்டும் பேஸ்ட் தடம், மீதி இடத்துல போட்ட கோடு அப்படியே கலையாம இருக்கு. சரியான தடிமன்ல பேட் வச்சதும் கார்டு பழையபடி ஓடிச்சு. உங்க மாடலுக்கு எந்த தடிமன்னு உறுதியா தெரியலன்னா திறக்காதீங்க. திறந்தீங்கன்னா சிப்பை சுத்தி இருக்கற நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும், ஒரு பக்கத்தை மட்டும் முதல்லயே முழுசா இறுக்கினா சிப் ஓரம் உடையும். பேஸ்டுக்கு பதிலா லிக்விட் மெட்டல் வேண்டவே வேண்டாம், அது கரன்ட் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும்.

கருகின வாடை வந்தா மட்டும் மேல சொன்ன எதையும் டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க, உடனே மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிடுங்க. 4090 காலத்துலேர்ந்து வர்ற 16 பின் பவர் கனெக்டர் முழுசா உள்ள போகலன்னா உருகறது 2022லேர்ந்தே தெரிஞ்ச விஷயம், மேல பார்த்த டெம்பரேச்சர் நம்பர் எதுவும் அதைக் காட்டாது, கண்ணால பார்த்து இடைவெளி இல்லாம அழுத்தி மாட்டணும்.

சர்வீஸுக்கு கொண்டு போறதா இருந்தா சைடு பேனல் மூடி வச்சு எடுத்த ஸ்க்ரீன்ஷாட் ஒன்னு, திறந்து வச்சு எடுத்தது ஒன்னு, கூடவே கொண்டு போங்க. அந்த ரெண்டு படத்தையும் பார்க்காமலே "பேஸ்ட் மாத்திடலாம்"னு சொல்றவர்கிட்ட கார்டை குடுக்காதீங்க.